பேரல் காற்றாடி தண்ணீர் இறைக்க மறுத்தால்: அறிகுறியிலிருந்து பழுதைக் கண்டறியும் வழிமுறை

200 லிட்டர் எண்ணெய்ப் பேரலை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்து, இரு பாதிகளையும் எதிரெதிராக நிறுத்தி, நடுவில் ஒன்றன் விளிம்பு மற்றொன்றின் உள்ளே சற்று நுழையுமாறு மேலும் கீழும் வட்டத் தகடுகளில் இறுக்கினால், எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் சுற்றுகின்ற ஒரு செங்குத்து அச்சுக் காற்றாடி கிடைக்கும். பின்லாந்துப் பொறியாளர் சிகுர்ட் சவோனியஸ் 1920களில் உருவாக்கிய இந்த அமைப்பு அவர் பெயராலேயே அறியப்படுகிறது. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரேஸ் ஆய்வு நிறுவனம், பேரலைக் கொண்டு இதைச் செய்து தண்ணீர் இறைக்கும் முறையை 1960களில் எளிய செய்முறை ஏடாக வெளியிட்ட பிறகு, பட்டறை வசதி குறைந்த பல நாடுகளிலும் இது செய்து பார்க்கப்பட்டது. இங்கே எழுதியிருப்பது, செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று இறங்கும் பகுதியில், திறந்த கிணற்றின் மேல் நிற்கும் இரண்டடுக்குப் பேரல் காற்றாடிக்குரிய பழுது பார்க்கும் முறையாகும். ஆழ்துளைக் கிணற்றுக்கு இது உதவாது. அந்த ஆழத்துக்குப் பல இலைகள் கொண்ட கிடையச்சுக் காற்றாலையோ மோட்டாரோதான் தேவை.

இனி வரும் எண்கள் எல்லாம் ஒரே அளவுள்ள காற்றாடிக்குரியவை. சுழலி ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் அகலமும் 1.75 மீட்டர் உயரமும் கொண்டது. மேலடுக்கும் கீழடுக்கும் ஒன்றுக்கொன்று 90 பாகை திருப்பி வைக்கப்பட்டவை. தண்டின் அடியில், தண்டின் மையத்திலிருந்து 2.5 சென்டிமீட்டர் விலகிச் சுற்றும் கை, அதாவது கிராங்க், இருக்கிறது. கிராங்க் கிடைமட்டமாகவே சுற்றுவதால், அதன் இழுப்பை மேலும் கீழுமான அசைவாக மாற்ற, இரு கைகளும் சம நீளமுள்ள எல் வடிவ நெம்பு ஒன்று உண்டு. நெம்பிலிருந்து தொங்கும் 12 மில்லிமீட்டர் கம்பி, கிணற்றுக்குள் 63 மில்லிமீட்டர் விட்டமுள்ள பம்பு சிலிண்டரில் தோல் வாஷரை இயக்குகிறது. உங்கள் அளவுகள் வேறாக இருந்தால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். சோதனையின் வரிசை மாறாது.

முதலில் கயிற்றுக் கட்டு, பிறகு இணைப்புப் பின்

எந்தச் சோதனைக்கும் முன்பாகச் சுழலியைக் கயிற்றால் கட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கட்டிய சுழலி காற்று மாறும்போது எதிர்ப்பக்கம் திரும்பி விரலை நசுக்கும். ஆகையால் எதிரெதிர் விளிம்புகளில் இரண்டு கயிறுகள் போட்டு, சட்டத்தின் இரண்டு கால்களில் கட்ட வேண்டும். தகடும் தண்டும் சேர்ந்த சுழலி ஓர் ஆள் எடைக்குக் குறையாதது என்பதால், மெதுவாகத் திரும்பும்போதும் அதைக் கையால் பிடித்து நிறுத்த முயலக் கூடாது.

இந்த எந்திரத்தில் மிகவும் பயனுள்ள சோதனை ஒன்றே ஒன்றுதான்: கிராங்கையும் நெம்பையும் இணைக்கும் கம்பியின் பின்னைக் கழற்றுவது. அந்தப் பின்னுக்கு மேலே இருப்பது காற்றின் பக்கம், கீழே இருப்பது தண்ணீரின் பக்கம். காற்றாடி ஓடவில்லை என்று அழைக்கப்பட்டு நான் போன இடங்களில், பெரும்பாலும் பழுது இருந்தது கிணற்றுக்குள்தான். கண்ணுக்குத் தெரிவது காற்றாடி என்பதால் பழியும் அதன்மேல் விழுகிறது. பேரிங்கைக் கழற்றி, கிரீஸ் வைத்து, ஒரு நாள் வேலையைச் செலவழித்த பிறகே கிணற்றை எட்டிப் பார்க்கிறார்கள்.

பின்னைக் கழற்றும் சோதனையை விடியற்காலையில், இலை அசையாத நேரத்தில் செய்ய வேண்டும். சுழலியைக் கையால் ஒரு சுற்று தள்ளிவிட்டால், அது சில சுற்றுகள் ஓடி, வேகம் சீராகக் குறைந்து, ஓசையின்றி நிற்க வேண்டும். வெட்டுப்பட்டதுபோல் சட்டென்று நின்றாலோ ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றாலோ பழுது மேலே இருக்கிறது. இதமாக ஓடி நின்றால் மேற்பக்கம் சரி. நேராகக் கிணற்றுக்குப் போகலாம். சோதனை முடிந்ததும் பின்னை மாட்டாமல் சுழலியை அவிழ்த்துவிட்டுப் போய்விடக் கூடாது. காரணத்தைக் கடைசிப் பகுதிகளில் ஒன்றில் சொல்லியிருக்கிறேன்.

பின்னைக் கழற்றியும் சுழலி திணறுகிறது, அல்லது சுற்றவே இல்லை

செங்குத்து அச்சில் சுழலியின் முழு எடையும் கீழ் பேரிங்கின் மேல் உட்காருகிறது. மேல் பேரிங் தண்டு சாயாமல் பிடித்துக்கொள்வதோடு சரி. இதை மறந்து இரண்டு பேரிங்குகளையும் தண்டில் இறுக்கிவிட்டால், வெயிலில் சட்டமும் தண்டும் வெவ்வேறு அளவில் நீளும்போது இரண்டும் ஒன்றையொன்று நெருக்கும். காலையில் இதமாகச் சுற்றும் சுழலி நண்பகலில் இறுகி, மாலையில் மீண்டும் இளகுமானால் இதுதான் காரணம். மேல் பேரிங்கின் பூட்டுத் திருகைத் தளர்த்தி, தண்டு அதற்குள் மேலும் கீழும் ஒரு நூலளவு நகர இடம் கொடுத்தால் போதும்.

நாள் முழுவதும் ஒரே மாதிரி இறுக்கமாக இருந்தால் கீழ் பேரிங்கைப் பார்க்க வேண்டும். தண்டு வழியாக வழியும் மழைநீர் நேராகப் போய்ச் சேரும் இடம் அது. கிரீஸ் வெண்மையாகப் பால்போல் மாறியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. செம்பழுப்பாக நறநறவென்று இருந்தால் துரு பிடித்துவிட்டது, கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது பேரிங்குக்குச் சற்று மேலே தண்டைச் சுற்றிப் பழைய ட்யூபை வட்டமாக வெட்டி இறுக்கமாக மாட்டி, குடைபோல் கீழ்நோக்கி மடித்துவிடுங்கள். அதிகச் செலவில்லாத அந்தக் குடை, பேரிங்கின் ஆயுளைக் கூட்டுவதில் விலையுயர்ந்த கிரீஸை விட மேலானது. வாகனச் சக்கரத்தில் வரும் கூம்பு உருளைப் பேரிங்கைக் கீழே வைத்திருந்தால் எடை தாங்குவதில் குறை இருக்காது. ஆனால் அதன் நட்டை மிகையாக இறுக்கியிருந்தால் அதுவே திணறலுக்குக் காரணமாகும்.

பேரிங் சரியாக இருந்தும், காற்று ஒரு திசையில் வந்தால் சுற்றி, இன்னொரு திசையில் வந்தால் மட்டும் நிற்கிறதென்றால், இரண்டு அடுக்குகளும் 90 பாகை விலகலை இழந்து ஒரே நேர்க்கோட்டுக்கு வந்திருக்கின்றன. தண்டில் சுழலியைப் பிடிக்கும் போல்ட்டு தளர்ந்து, ஓர் அடுக்கு மெல்ல நழுவுவதால் இது நேரும். அடுக்குகள் குறுக்காக இருக்கும்போதுதான் எந்த நிலையிலும் ஏதாவது ஒரு பேரல் பாதி காற்றுக்கு வாயைக் காட்டிக்கொண்டிருக்கும்.

புதிதாகக் கட்டியது முதலே சுற்றாத சுழலியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒரு தோட்டத்தில் பேரிங்கை இரண்டு முறை மாற்றியும் காற்றாடி நின்ற இடத்தில் நடுங்கிக்கொண்டே இருந்தது. ஏணியில் ஏறி மேலிருந்து பார்த்தபோது, மேலடுக்கு ஆங்கில எஸ் எழுத்துப்போலவும் கீழடுக்கு அதன் கண்ணாடி நிழலைப்போலவும் இருந்தன. ஒன்று வலமாகவும் மற்றொன்று இடமாகவும் சுற்ற முயன்று, இரண்டும் மல்லுக்கட்டிக்கொண்டு நின்றிருக்கின்றன. பேரல் பாதிகளின் போல்ட்டுகளைக் கழற்றிப் புரட்டிப் போட்டதும் சுற்றிவிட்டது. கீழே நின்று பார்க்கும் கண்ணுக்கு இந்தப் பிழை எளிதில் தென்படாது.

தனியே நன்றாகச் சுற்றுகிறது. பம்பை மாட்டினால் பாதிச் சுற்றில் நின்று பின்வாங்குகிறது

இதுவே மிக அதிகமாகக் காணப்படும் அறிகுறி. இதைப் பழுது என்று சொல்வதை விடக் கணக்குப் பிசகு என்பதே பொருந்தும். கைப்பம்பை அடிப்பவர் கை, மேலே தூக்கும்போது தானாகவே கூடுதல் பலம் கொடுக்கிறது. காற்றாடிக்கு அந்த அறிவு இல்லை. ஒரு சுற்றில் பாதிக்குத் தண்ணீர் முழுவதும் அதன் தலையில் ஏறுகிறது. மறுபாதியில் சுமையே இல்லை.

கணக்கைப் பார்க்கலாம். தண்ணீர் மட்டத்திலிருந்து தொட்டிவாய் வரை 6 மீட்டர் என்றால், 63 மில்லிமீட்டர் வாஷரின் மேல் நிற்கும் நீரின் சுமை ஏறத்தாழ 19 கிலோ. 8 மீட்டர் கம்பியின் எடை 7 கிலோ. ஆக, தூக்கும்போது 26 கிலோ. இறங்கும்போது, கம்பி தன் எடையாலேயே விழுவதால், ஒன்றுமில்லை. 2.5 சென்டிமீட்டர் கிராங்கில் 26 கிலோவை அசைக்கத் தேவையான முறுக்கு ஏறத்தாழ 6.3 நியூட்டன் மீட்டர். நின்ற நிலையிலிருந்து இந்த அளவு முறுக்கைத் தர, நம் சுழலிக்கு வினாடிக்கு 6 மீட்டருக்கு மேற்பட்ட காற்று வேண்டும்.

இப்போது நெம்பின் கிடைமட்டக் கையை, நெம்பு திரும்பும் தாங்கு முளைக்கு அப்பால் மறுபுறமும் அதே அளவு நீட்டி, அதன் முனையில் 16 கிலோ எடையைத் தொங்கவிடுங்கள். 7 கிலோ கம்பிக்கு, 9 கிலோ நீர்ச்சுமையில் பாதிக்கு. தூக்கும்போது காற்றாடி உணர்வது 10 கிலோ. இறக்கும்போது எதிரெடையைத் தூக்க 9 கிலோ. தேவைப்படும் முறுக்கு, முன்பு இருந்ததில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய அளவுக்குக் குறைந்து, வினாடிக்கு 4 மீட்டர் காற்றிலேயே சுழலி கிளம்பிவிடுகிறது. உராய்வையும் சேர்த்தால் இரண்டு கணக்குமே சிறிது கூடும். ஆனால் இடைவெளி அப்படியே இருக்கும். எடைக்குப் பழைய பெயிண்ட் டின்னில் கான்கிரீட் போட்டுக்கொள்ளலாம். மேலே ஒரு கொக்கி, பக்கத்தில் மணல் சேர்க்க ஒரு சிறிய டின்.

மணல் டின் வீண் அலங்காரம் அல்ல. கிணற்று நீர்மட்டம் ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு 4 மீட்டரில் நிற்கும் தண்ணீர், வைகாசியில் 10 மீட்டருக்குப் போகலாம். காற்றுக் காலமோ அந்த வறட்சியின் முடிவில்தான் தொடங்குகிறது. நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் சுமை 3 கிலோ கூடும், எதிரெடையில் ஒன்றரைக் கிலோ சேர்க்க வேண்டும். சென்ற ஆண்டு மார்கழியில் சரியாக இருந்த எடை இந்த ஆண்டு ஆனியில் ஏன் போதவில்லை என்பதற்கு விடை கிணற்றுச் சுவரிலுள்ள ஈரக்கோட்டில் இருக்கிறது.

எதிரெடை சரியாக இருந்தும் சுழலி நின்றுவிட்டால் இரண்டைப் பாருங்கள். புதிய தோல் வாஷர் ஊறிப் பருத்துச் சிலிண்டரை இறுகப் பிடித்திருக்கலாம். எதிரெடையைக் கழற்றிவிட்டுக் கம்பியைக் கையால் ஏற்றி இறக்கினால் இறங்கும்போதும் கனமாக இருப்பதே அதற்கு அடையாளம். அல்லது நீண்ட ஸ்ட்ரோக் கொடுத்தால் தண்ணீர் கூடும் என்று எண்ணி யாரேனும் கிராங்கின் வெளித்துளைக்குப் பின்னை மாற்றியிருக்கலாம். கிராங்கை இரட்டிப்பாக்கினால் தேவைப்படும் முறுக்கும் இரட்டிப்பாகும். பலத்த காற்றில் மட்டும் நிறையத் தண்ணீர் கிடைத்து, மற்ற நேரமெல்லாம் காற்றாடி வேடிக்கை பார்க்கும். நாளெல்லாம் சிறிது சிறிதாக இறைக்கும் குறுகிய ஸ்ட்ரோக்கே என் அனுபவத்தில் தொட்டியை நிரப்புகிறது.

சுற்றுகிறது, கம்பியும் அசைகிறது, தண்ணீர் இல்லை

காற்றில்லாத மாதங்களுக்குப் பிறகு முதன்முதலாக ஓடவிடும்போது இது நேர்ந்தால், தோல் வாஷர் உலர்ந்து சுருங்கியிருக்கிறது என்றே கொள்ளலாம். குழாய் வாயில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் பொறுங்கள். தோல் ஊறி விரிந்ததும் இறைக்கத் தொடங்கினால் வேறு வேலை இல்லை. விரியாமல் விளிம்பில் வெடிப்பு கண்டிருந்தால் மாற்றிவிட வேண்டும். புதிய வாஷரை ஓர் இரவு எண்ணெயில் ஊறவைத்து மாட்டுவது நல்லது.

ஊற்றிய தண்ணீர் நிற்காமல் கீழே போய்விட்டால், குழாயின் அடியில் நீரைத் திரும்பிப் போகவிடாமல் தடுக்கும் ஃபுட்வால்வு மூடவில்லை. பெரும்பாலும் ஓர் இலைத்துண்டோ சிறு கல்லோ வால்வுக்கும் இருக்கைக்கும் நடுவில் இருக்கும். சாணிப்பாலைக் கரைத்து ஊற்றிக் கசிவை அடைக்கும் பழக்கம் நம் தோட்டங்களில் உண்டு. மோட்டார் பம்புக்கு அது ஒரு நாளைச் சமாளிக்க உதவும், ஆனால் இங்கே சாணியோடு போகும் மணல் தோல் வாஷரை அரைத்துவிடும். குழாயை ஏற்றி வால்வைக் கழுவுவதே சரி. அடியில் சல்லடை இல்லையென்றால் அப்போதே மாட்டுங்கள்.

பம்பு சிலிண்டரைக் கிணற்று மேட்டில் வைத்து, குழாயை மட்டும் தண்ணீருக்குள் விட்டிருப்பவர்களுக்குக் கோடையில் மட்டும் இந்தப் பழுது வரும். உறிஞ்சி ஏற்றும் உயரத்துக்கு இயற்கை விதித்த எல்லை கடல் மட்டத்தில் 10.3 மீட்டர், பழைய வாஷரும் பத்து இணைப்புகளும் உள்ள குழாயில் 6 மீட்டரைத் தாண்டுவதே கடினம். காற்று எவ்வளவு பலமாக வீசினாலும் இந்த எல்லை நகராது. சிலிண்டரைக் கிணற்றுக்குள் இறக்குவதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை.

இவை எதுவும் இல்லையென்றால், கம்பி கிணற்றுக்குள் எங்கோ கழன்றிருக்கிறது. எதிரெடையைக் கழற்றிவிட்டு நெம்பைக் கையால் அசைத்தால் இறகுபோல் எளிதாக இருக்கும். தண்ணீரின் கனம் கையில் தெரியாது.

தண்ணீர் வருகிறது, ஆனால் முன்புபோல் இல்லை

இந்தக் குறையை ஆராயும்போது காற்றைக் கணக்கில் சேர்த்தால் குழப்பமே மிஞ்சும். ஏனெனில் காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக மாறுகிறது. வினாடிக்கு 4 மீட்டரில் கிடைப்பதைப் போல எட்டு மடங்கு 8 மீட்டரில் கிடைக்கும். நேற்று நிரம்பிய தொட்டி இன்று கால்வாசியில் நிற்பது பழுதாகவே இருக்க வேண்டியதில்லை. ஆகவே நேரத்தை அளக்காதீர்கள்; சுற்றுகளை எண்ணுங்கள்.

சுழலியின் விளிம்பில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, தொட்டிவாயில் 10 லிட்டர் வாளியை வையுங்கள். ஒரு சுற்றுக்கு 156 மில்லி என்பது சிலிண்டரின் கணக்கு. வாளி நிரம்ப 64 சுற்றுகள் ஆக வேண்டும். 70, 75 சுற்று வரை ஆனால் பம்பு நல்ல நிலையில் இருக்கிறது. 100ஐத் தாண்டினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் நழுவுகிறது. காற்று மெல்ல வீசினாலும் பலமாக வீசினாலும் இந்த எண் பெரிதாக மாறாது. ஆண்டுக்கு ஒருமுறை காற்றுக் காலத் தொடக்கத்தில் எண்ணி, கிணற்றுச் சுவரில் சுண்ணாம்பால் எழுதி வையுங்கள். எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்: 68, 71, 90, அடுத்து வாஷர் மாற்றியபின் 67.

எண் கூடியிருந்தால், நழுவுவது வாஷரிலா ஃபுட்வால்விலா என்பதை அறியக் காற்றாடியை மாலையில் கட்டிவைத்து, காலையில் அவிழ்த்துப் பாருங்கள். முதல் சில சுற்றுகளிலேயே தண்ணீர் வந்தால் குழாய் இரவு முழுவதும் நிறைந்தே இருந்திருக்கிறது. வால்வு சரி, தேய்ந்தது வாஷர். பல சுற்றுகள் வெறுமனே ஓடிய பிறகே வந்தால், வால்விலோ ஏற்றுக்குழாயின் இணைப்பிலோ கசிவு. இணைப்புக் கசிவைக் கிணற்றுச் சுவரில் காயாத ஈரத் தடம் காட்டிக்கொடுத்துவிடும்.

எண் 75க்குள் இருந்தும் தண்ணீர் போதவில்லையென்றால் பம்பைத் தொடாதீர்கள். சுழலிக்குக் காற்று வந்து சேரவில்லை. பனையோலையின் சத்தத்தை நம்பி ஏமாறுவது எளிது. முகத்தில் மென்மையாக உணரும் காற்றுக்கே ஓலை சலசலக்கும், ஆனால் அது வினாடிக்கு 3 மீட்டருக்கு உட்பட்டதுதான். சிறு கிளைக்கொத்துகள் ஓயாமல் அசைந்து, கட்டிய கொடி விரிந்து நின்றால் 3.5 முதல் 5.5 மீட்டர், புழுதியும் காகிதமும் கிளம்பினால் அதற்கு மேல். 4 மீட்டர் காற்றில் இந்தச் சுழலியின் தண்டில் கிடைப்பது 9 வாட் அளவே. அதில் பாதி தண்ணீராக மாறினால் 6 மீட்டர் உயரத்துக்கு மணிக்கு 300 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேல் எதிர்பார்த்தால் குறை எந்திரத்தினுடையதல்ல.

செங்குத்து அச்சுக் காற்றாடிக்கு மரமும் வீடும் தடையே இல்லை என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. காற்றின் திசைக்குத் திரும்ப வேண்டிய தேவை அதற்கு இல்லை என்பது உண்மை. காற்றே இல்லாத இடத்தில் காற்றை உண்டாக்கும் என்பது உண்மையல்ல. ஒரு தென்னந்தோப்பின் நிழல் அதன் உயரத்தைப்போல 20 மடங்கு தொலைவு வரை காற்றைக் கெடுக்கும். சுழலியின் உயரத்தில் நீண்ட மூங்கிலில் ஒரு ரிப்பனைக் கட்டிப் பாருங்கள். அது ஒரு பக்கமாக நீண்டு நின்றால் இடம் சரி; தலையை ஆட்டி, சுழன்று, தொங்கி, மறுபடி எழுந்தால் அங்கே வருவது சிதறிய காற்று. காற்றாடி வைத்தபோது இடுப்பளவு இருந்த தென்னங்கன்றுகள் எட்டு ஆண்டுகளில் என்ன உயரம் வளர்ந்திருக்கின்றன என்பதையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொள்வது நல்லது.

சத்தம்

ஒவ்வொரு சுற்றுக்கும் இருமுறை டொக், டொக் என்று கேட்டால் பின்னும் துளையும் தேய்ந்திருக்கின்றன, துளை நீள்வட்டமாகியிருக்கும். புதிய பின்னை மட்டும் போட்டால் ஒரு மாதம்கூடத் தாங்காது. துளையை லேத்தில் பெரிதாக்கி, உள்ளே புஷ் என்னும் உலோக வளையத்தை அடித்து, பிறகு பின்னைப் போட வேண்டும். வேகம் கூடும்போது மட்டும் குழாயில் சுத்தியல் அடிப்பதுபோல் கேட்டால் அது நீரின் அடி. தொட்டிக்குப் போகும் குழாயில், பம்புக்கு அருகே, முனை மூடிய இரண்டடிக் குழாயைச் செங்குத்தாக நிறுத்தினால் அதில் அடைபட்ட காற்று அந்த அடியை வாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே அது இருந்தும் சத்தம் வந்தால், காற்று கரைந்து போய் அதற்குள் தண்ணீர் நிறைந்திருக்கிறது, வடித்துவிடுங்கள்.

நடுக்கம்

சுழலியின் முறுக்கு ஒரு சுற்றிலேயே நான்கு முறை ஏறி இறங்குவதால் மெல்லிய அதிர்வு எப்போதும் இருக்கும்; அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் சட்டம் ஆடி, வேகம் கூடியதும் அடங்கினால், அந்த வேகத்தோடு சட்டத்தின் இயல்பான அசைவு ஒத்துப்போகிறது என்று பொருள். சட்டத்தைச் சுற்றிலும் தரையோடு இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்டே கம்பிகளை ஒரே அளவாக இறுக்கினால் அது மாறிவிடும். சுற்றும் சுழலியைக் காற்று பின்னோக்கி மட்டும் தள்ளுவதில்லை, குறுக்கேயும் தள்ளுகிறது. அன்டன் ஃப்ளெட்னர் 1924இல் புக்காவ் என்ற கப்பலைச் சுழலும் உருளைகளால் ஓட்டியது இந்தக் குறுக்குத் தள்ளலைக் கொண்டுதான். ஆகவே காற்று வரும் பக்கத்துக் கம்பியை மட்டும் இறுக்கிவிட்டு மற்றதை விட்டுவிடுவது போதாது.

வேகம் கூடக்கூட நடுக்கமும் கூடிக்கொண்டே போனால் சுழலியின் ஒரு பக்கம் கனம். விளிம்பில் ஒரு கிலோ மிகுந்தால் நிமிடத்துக்கு 60 சுற்றில் அது 2 கிலோ விசையோடு இழுக்கும். 120 சுற்றில் 7 கிலோவுக்கு மேல். முதலில் பேரலின் உள்ளே பாருங்கள்: அணில் கூடு, குளவியின் மண்கூடு, துளை அடைத்ததால் அடி விளிம்பில் தேங்கிய மழைநீர். இவை எதுவும் இல்லையென்றால் சமன் செய்யத்தான் வேண்டும். செங்குத்தாக நிற்கும் சுழலியில் எந்தப் பக்கம் கனம் என்று எவ்வளவு நேரம் பார்த்தாலும் தெரியாது; இறக்கிப் படுக்க வைத்து, தண்டின் இரு முனைகளையும் மட்டமான இரண்டு இரும்பு ஆங்கிள்களின் விளிம்பில் உருளவிட்டால், கனமான பக்கம் தானாகக் கீழே வந்து நிற்கும். எதிர்ப்பக்கத் தகட்டில் இரும்பு வாஷர்களைப் போல்ட்டில் கோர்த்து, எந்த நிலையில் விட்டாலும் அப்படியே நிற்கும் வரை சேர்க்க வேண்டும்.

கம்பியோ வெல்டோ திரும்பத் திரும்ப முறிகிறது

நிமிடத்துக்கு 70 சுற்று என்ற கணக்கில் பத்து மணி நேரம் ஓடினால், கம்பி ஒரு நாளில் 42,000 முறை இழுபட்டுத் தளர்கிறது; நூறு நாள் காற்றுக் காலத்தில் 42 லட்சம் முறை. கையால் எவ்வளவு வளைத்தாலும் முறியாத கம்பி இப்படிச் சோர்ந்து முறியும். முறிந்த முகத்தைக் கவனியுங்கள். ஒரு பகுதி வழவழப்பாகக் கறுத்தும் மறுபகுதி பளபளவென்று சொரசொரப்பாகவும் இருந்தால், வெடிப்பு பல நாட்களாக வளர்ந்து இறுதியில் அறுந்திருக்கிறது. அதே இடத்தில் மேலும் வெல்டு போடுவது வெடிப்புக்குப் புதிய இடத்தைக் கொடுப்பதாகவே முடியும். மரை வெட்டிய இடமும் கூர்மையான மூலையுமே வெடிப்பின் தொடக்கம் என்பதால், மரையின் அடியை லேத்தில் உருட்டையாக்கச் சொல்லுங்கள். கம்பி வளைந்து போயிருந்தால் அது வேறு பழுது: இறங்கும்போது வாஷர் இறுக்கம் அதைத் தள்ளி வளைக்கிறது. இரண்டு மீட்டருக்கு ஒன்றாக மரத்தாலான வழிகாட்டிகளை வைத்தால் நின்றுவிடும்.

ஆடிக்காற்றில் கட்டுக்கடங்காமல் சுற்றுகிறது

அம்மியும் பறக்கும் என்று சொல்லப்படும் மாதத்தில் இந்தக் காற்றாடியின் பெரிய குறை வெளிப்படுகிறது. கிடையச்சுக் காற்றாலை வாலை மடக்கிக் காற்றிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பேரலுக்குத் திரும்ப வேறு முகம் இல்லை. பம்பு மாட்டியிருக்கும்வரை சுமை அதை ஓரளவு பிடித்துக்கொள்ளும். பின் கழன்ற நிலையில் வினாடிக்கு 20 மீட்டர் காற்று வந்தால், விளிம்பு காற்றை விட ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடி, நிமிடத்துக்கு 600 சுற்றைத் தொடும். அந்த வேகத்தில் 9 கிலோ எடையுள்ள ஒவ்வொரு பேரல் பாதியும் முக்கால் டன்னுக்குக் குறையாத விசையோடு வெளியே பறக்கத் துடிக்கும். அதைத் தடுத்து நிற்பது ஒரு மில்லிமீட்டர் தகரமும் சில போல்ட்டுகளும். பின்னை மாட்டாமல் அவிழ்த்துவிடக் கூடாது என்று முதலில் சொன்னது இதனால்தான்.

மேகம் கறுத்துக் காற்று ஏறும்போது, சுழலி இன்னும் கையடங்கும் வேகத்தில் இருக்கையிலேயே இரண்டு கயிறுகளாலும் கட்டிவிட வேண்டும். ஓடும் சுழலியில் கயிற்றை எறிந்து நிறுத்த முயல்வது ஆளையும் சேர்த்துச் சுற்றிவிடும். வேகம் ஏறிவிட்டதென்றால் விலகி நில்லுங்கள். சுழலியின் மட்டத்துக்கு நேரே நிற்காதீர்கள். கட்டிய பிறகும் வினாடிக்கு 30 மீட்டர் சூறைக்காற்றில் நின்ற சுழலியின் மேல் 100 கிலோ அளவுக்குத் தள்ளு விழும் என்பதால், ஆனி பிறக்கும் முன்பே ஸ்டே கம்பிகளின் முளைகளைக் கடப்பாரையால் தட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈர மண்ணில் அசையும் முளை காற்றில் நிற்காது.

பேரல் ஓட்டையாகிவிட்டது

அடி விளிம்பில் துரு முதலில் ஓட்டையிடும். சிறு ஓட்டையால் இழப்பு இல்லை. வட்டத் தகட்டோடு சேரும் இடத்தில் கையை அழுத்தினால் தகரம் உள்வாங்குமானால் மாற்றும் காலம் வந்துவிட்டது. ஒரு பாதியை மட்டும் மாற்றினால் சமன் கெடும் என்பதால், ஓர் அடுக்கின் இரு பாதிகளையும் ஒரே பேரலிலிருந்து வெட்டி மாற்ற வேண்டும். பழைய பேரலில் என்ன இருந்தது என்று கேட்டறியாமல் கேஸ் கட்டரையோ கிரைண்டரையோ அதன்மேல் வைக்காதீர்கள். காலியான பேரலில் மிஞ்சிய எரிபொருள் ஆவி, தீப்பொறி பட்டதும் வெடிக்கும். எல்லா மூடிகளையும் திறந்து, உள்ளே சோப்புத் தண்ணீரால் இரண்டு முறை கழுவி, வெட்டுக்கோட்டுக்குக் கீழ்வரை தண்ணீர் நிரப்பி, உளியாலும் சுத்தியலாலும் வெட்டுங்கள். மருந்து வந்த பேரல் என்றால், கழுவிய நீரைக் கிணற்றடியில் கொட்டக் கூடாது.

புதிய பாதிகளை மாட்டுவதற்கு முன், பழையவற்றை இறக்கிய அதே வரிசையில் தரையில் வைத்து, எந்த வாய் எந்தப் பக்கம் பார்த்தது என்று சுண்ணாம்பால் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். மாட்டி முடித்ததும் மேலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் பிறகு ஏணியை எடுங்கள்.